காரின் உற்பத்தி மாதத்தை முன்பணம் வாங்கும் முன்பே எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு பானஸ்வாடியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வசித்துவரும் உங்கள் வாசகன் நான். 2024 டிசம்பர் நடுவில், பணி ஓய்வில் வந்த தொகையிலிருந்து, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு புதிய கார் வாங்கினேன். ஜனவரி இறுதியில் அஞ்சலில் வந்த ஆர்.சி. (பதிவுச் சான்று) அட்டையில் பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே வந்தபோது, உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும் இடத்தில் 05/2023 என்று அச்சாகியிருந்தது. தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அச்சில் தவறில்லை. பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்கு நான் ஓட்டிவந்த கார், என் கைக்கு வருவதற்கு முன்பே பத்தொன்பது மாதங்கள் எங்கோ விற்காமல் நின்றிருக்கிறது.

பழைய இருப்பை விற்பது குற்றம் என்று சொல்வதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. விற்காமல் நின்ற வண்டியை உரிய விலைக் குறைப்புடன், உண்மையைச் சொல்லி விற்றால், வாங்குவதற்கு ஆளும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால், வண்டி எந்த மாதம் எந்த ஆண்டில் உற்பத்தியானது என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே புக்கிங் படிவத்தில் எழுதி, விற்பவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டும். இதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கவனத்துக்கும் கர்நாடகப் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்கும் உங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுசெல்ல விரும்புகிறேன்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் பொருள் கிடங்கில் வேலை பார்த்தவன். கிடங்கில் இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எஃகு போல்ட்டை எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்தால் இருபது ஆண்டு கழித்தும் எடுத்துக் கொடுக்கலாம். ரப்பரை அப்படி வைக்க இயலாது. எங்களிடம் வரும் ரப்பர் சீல்களின் உறைமேலேயே அவை எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் வார்க்கப்பட்டவை என்று அச்சிட்டிருக்கும். அதைப் 'பின் கார்டு' எனும் இருப்புப் பதிவு அட்டையில் பதிந்து, முதலில் வந்ததை முதலில் வெளியே அனுப்பி, காலம் கடந்தவற்றை, ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவையாக இருந்தாலும், தணிக்கையாளர் முன்னிலையில் வெட்டி எறிவோம். சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும் என்பது அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும்.

ஒரு காரில் டயர், கதவுகளின் பீடிங், வைப்பர், குழாய்கள், புஷ்கள் என்று ரப்பர் எத்தனை இடங்களில் இருக்கிறது! நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியின் எடை முழுவதும் டயரின் ஒரே பகுதியில் மாதக்கணக்கில் அழுந்துவதால் அந்த இடம் தட்டையாகி, பின்னர் ஓட்டும்போது ஸ்டீயரிங்கில் ஓர் அதிர்வு தெரியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதால்தான், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். என் காரில் அந்த இரண்டு ஆண்டில் முக்கால் பங்குக்கும் மேல் நான் சாவியை வாங்குவதற்கு முன்பே கழிந்துவிட்டது. டாங்கியின் அடியில் ஊற்றி வைத்திருக்கும் சிறிதளவு பெட்ரோலின் கதையும் ஏறக்குறைய அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இன்னும் எளிதாகச் சேர்த்துக்கொள்கிறது. எலி கடித்த வயரைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை, கார் வைத்திருக்கும் எவரையும் கேட்டால் சொல்வார்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். வண்டியை அணைத்து நிறுத்தினாலும் பூட்டு, அலாரம், கடிகாரம் ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மின்னேற்றம் குறைந்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது. டெலிவரிக்கு முந்தைய நாள் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தால் ஷோரூம் வாசலில் வண்டி ஒரே சாவியில் உறுமிக்கொண்டு கிளம்பும். என் வண்டியும் அப்படித்தான் கிளம்பியது. பதினோராம் நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு, ஆம்பூருக்கு அருகிலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு, என் மனைவியும் எண்பத்திரண்டு வயதான என் தாயாரும் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்த பிறகு, சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் வந்தது. பொங்கல் பானையும் பூமாலையும் தாயாரின் மடியிலேயே இருந்தன. அன்று நாங்கள் போகவில்லை.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பேட்டரியில் ஏதோ கோளாறு என்று எண்ணி, உதவிக்கு வந்த பையன் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பித் தந்ததோடு விட்டுவிட்டேன். ஆர்.சி. அட்டை வந்த அன்று இரவுதான் தெருவிளக்கின் கீழ் கைப்பேசி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தேன். அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின் இரண்டு எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். மூன்று டயர்களில் 1623 என்று இருந்தது, அதாவது 2023 ஏப்ரல் நடுவில் செய்யப்பட்டவை. இடது முன் டயரில் மட்டும் 3124 என்று இருந்தது. நான்கில் ஒன்று மட்டும் ஏன் மாற்றப்பட்டது என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை தரப்படவில்லை. இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால் அடியில் தைத்திருந்த துணிச் சீட்டிலும் 2023 ஏப்ரல் என்றே இருந்தது. இவை எல்லாம் முதல் நாளே என் கண்முன் இருந்தவைதாம். முப்பத்தொரு ஆண்டுகள் உறையின்மேல் தேதி பார்த்தே பொருளை உள்ளே எடுத்த நான், ஷோரூமின் வெளிச்சத்தில் வண்டியின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் ஷோரூமுக்குச் சென்றேன். மேலாளர் மரியாதையாகவே பேசினார். "வாரண்டி டெலிவரி தேதியிலிருந்துதானே சார் தொடங்குது, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். வாரண்டி எப்போது தொடங்குகிறது என்பது ஒரு காகிதத்தின் கணக்கு. ரப்பரும் பேட்டரியும் அந்தக் காகிதத்தைப் பார்த்து மூப்படைவதை நிறுத்திக்கொள்வதில்லை என்று சொன்னேன். "கம்பெனி அனுப்பியதைத்தான் நாங்கள் கொடுக்கிறோம், எல்லோருக்கும் கொடுக்கும் இயர் எண்டு ஆஃபர் உங்களுக்கும் கொடுத்திருக்கிறோம்" என்றார். அந்தச் சலுகை ரூ.35,000. அதே மாதத்தில் என் மைத்துனர் மகன் முருகேஷ்பாளையத்தில் அதே மாடல் காரை வேறொரு ஷோரூமில் வாங்கினான். அவனுடைய ஆர்.சி.யில் 11/2024 என்று இருக்கிறது. அவனுக்கும் சலுகை ரூ.35,000தான்.

காலம் வண்டியின் மதிப்பைத் தின்கிறது என்பதை இத்துறையில் மறுப்பவர் யாரும் இல்லை. காப்பீட்டுத் துறையினர் காலங்காலமாகக் கையாளும் தேய்மான அட்டவணையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 5 விழுக்காடும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை 15 விழுக்காடும், ஓராண்டைத் தாண்டி இரண்டாண்டு வரை 20 விழுக்காடும் கழிக்கிறார்கள். நாளை நான் இந்தக் காரை விற்கச் சென்றால், பழைய கார் வாங்குபவர் ஆர்.சி.யைப் புரட்டி முதலில் பார்க்கப்போவது உற்பத்தி ஆண்டைத்தான். "இது 2023 வண்டி சார்" என்றுதான் விலையைத் தொடங்குவார். அன்று நான் 2024 டிசம்பரில் ஷோரூமில் வாங்கிய ரசீதை நீட்டினால் அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கமாட்டார். விலைப்பட்டியல் விலையை ஒட்டி நான் கட்டியதன்மேல் கர்நாடகத்தின் ஆயுள்கால வரியும் கட்டியிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு அது 14 விழுக்காடு.

இவ்வாறு ஏன் நடக்கிறது என்பதையும் விசாரித்தேன். விற்பனைப் பிரிவிலுள்ள இளைஞர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கார் நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் விற்பனைக் கணக்கு பெரும்பாலும் டீலர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் கணக்கு. வாடிக்கையாளர் வாங்கிச் சென்றவற்றின் கணக்கு வேறு. அனுப்பப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வங்கிக் கடன் எடுத்துப் பணம் கட்டியாக வேண்டும், விற்கும்வரை வட்டியும் கட்டியாக வேண்டும். வாகன டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா, 2024 செப்டம்பர் மாத நிலவரத்தை வெளியிட்டபோது, நாடு முழுவதும் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கு ஈடான இருப்பு தேங்கியிருப்பதாகவும், அது 7.9 லட்சம் கார்கள், ஏறத்தாழ ரூ.79,000 கோடி மதிப்புள்ளவை என்றும் கூறியது. அது சராசரிக் கணக்கு. சராசரி எண்பது நாள் என்றால், அதில் சில வண்டிகள் பத்து நாளில் விற்றிருக்கும், சில வண்டிகள் ஓராண்டைத் தாண்டி நின்றிருக்கும். அந்தச் சுமையில் தவிக்கும் டீலர்மீது எனக்கு இரக்கம் உண்டு. ஆனால், தன்னுடைய வட்டிச் சுமையை, கார் வாங்குபவருக்கே தெரியாமல், வாங்குபவர் தலையில் இறக்கி வைப்பதை ஏற்க இயலாது.

இந்த வண்டிகள் நிற்கும் இடத்தையும் ஒருநாள் பார்த்துவந்தேன். பழைய மெட்ராஸ் சாலையில் ஊர் எல்லை தாண்டி உள்ளே போனால், கம்பிவேலிக்குள் கூரை எதுவுமின்றி வெட்டவெளியில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பின்வரிசையில் நின்றவற்றின் சக்கரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம் வளர்ந்திருந்தது. கண்ணாடியில் தூசி படிந்து, அதன்மேல் மழைத்துளி விழுந்து காய்ந்த வட்டங்கள் அப்படியே இருந்தன. உள்ளே இருக்கைமேல் போர்த்திய பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிவிட்டது. சக்கரத்தின் இடைவெளி வழியே தெரிந்த பிரேக் தட்டு செங்கல் நிறத்தில் துருவேறியிருந்தது. அந்தத் துரு பிரேக்கை நாலு முறை அழுத்தினால் போய்விடும் என்று காவலாளி சொன்னார். மேலோட்டமான துருவுக்கு அது உண்மைதான். ஆனால், தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் பெய்கிற ஊர் இது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூரிலும் வெளிவட்டச் சாலையிலும் கார்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு கார் எந்த யார்டில், எத்தனை மழையில் நின்றது என்ற குறிப்பு எதுவும் வாங்குபவருக்குத் தரப்படுவதில்லை.

இனி நான் மிகவும் வேதனைப்படும் பகுதிக்கு வருகிறேன். சட்டம் இந்த மாதத்தையும் ஆண்டையும் கேட்காமல் இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 20-இலும், டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இலும் உற்பத்தி மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுத ஓர் இடம் இருக்கிறது. படிவம் 20 வண்டி வாங்குபவர் கையெழுத்திட வேண்டியது. நானும் கையெழுத்திட்டேன். எதிரே வைத்த ஏழெட்டுத் தாள்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் உற்பத்தி மாதத்துக்கான இடம் அப்போது வெறுமையாக இருந்தது. "நாங்க ஃபில் பண்ணிக்கிறோம் அங்கிள்" என்றாள் ஷோரூமின் விற்பனைப் பிரிவுப் பெண். சட்டப்படி அந்த விவரத்தை அரசுக்கு அறிவித்தவன் நான். ஆனால், அந்த விவரம் எனக்கே தெரியாது.

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்க வேண்டும் என்று உணவுப் பொருள்களுக்கான விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. இட்லி மாவுப் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்து வாங்குகிறோம். பத்து லட்ச ரூபாய் பொருளுக்கோ அந்த விவரம் பதினேழு எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண்ணுக்குள் குறியீடாக ஒளிந்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதன் பத்தாவது எழுத்தில் ஆண்டைக் குறிக்கின்றன. பி (P) என்றால் 2023, ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025. இடையில் க்யூ (Q) என்ற எழுத்து பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் விடப்பட்டிருக்கிறது. மாதத்துக்கான எழுத்து எந்த இடத்தில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. இதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் கார் வாங்க வேண்டும் என்று ஒரு பாமரரிடம் எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

வெளிப்படையாகச் சொன்னால் விற்காது என்று டீலர்கள் அஞ்சத் தேவையில்லை என்பதற்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. 2017 மார்ச் 29 அன்று, பி.எஸ்.3 எனும் பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்யப்பட்ட வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, எட்டு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்காமல் தேங்கி நின்றன. இரண்டே நாளில், பல ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்கு, இருசக்கர வாகன ஷோரூம்களில் கூட்டம் அலைமோதியது. வாங்கியவர்களுக்கு ஏன் விலை குறைகிறது என்று தெரியும், தெரிந்தே வாங்கினார்கள், பிறகு யாரும் ஏமாந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடமும் "இது பத்தொன்பது மாத வண்டி, ஒன்றரை லட்சம் குறைத்துத் தருகிறோம், நான்கு டயரும் பேட்டரியும் புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். ஆண்டுக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டப்போகிற எனக்கு அது நல்ல பேரமாகக்கூட இருந்திருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு, ஷோரூம் தரப்பில் பேட்டரியையும் மூன்று பழைய டயர்களையும் மாற்றித் தந்தார்கள். அதற்கு நன்றி சொல்கிறேன். டயரை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம், ஆர்.சி.யில் அச்சான ஆண்டை மாற்ற இயலாது. அந்த விலை வித்தியாசத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லத் தீர்மானித்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய இடத்தில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை, வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு நீதிமன்றக் கட்டணம் ரூ.200 மட்டுமே. தெரியாதவர்கள் பலர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அமைச்சகத்திடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதையும் அல்ல. ஷோரூமில் வண்டியின் விலை எழுதிய பலகையிலும், புக்கிங் படிவத்திலும் உற்பத்தி மாதமும் ஆண்டும் சேஸிஸ் எண்ணோடு சேர்ந்து எழுத்தில் இருக்க வேண்டும். உற்பத்தியாகி ஓராண்டைத் தாண்டிய வண்டியென்றால் அதைத் தனியே குறிப்பிட்டு, பேட்டரி, டயர், பிரேக் ஆயில் ஆகியவை சோதிக்கப்பட்ட சான்றோடு விற்க வேண்டும். இந்த விவரங்கள் எல்லாம் டீலரின் கணினியில் ஏற்கெனவே இருப்பவைதாம். ஒரு வரி கூடுதலாக அச்சிட வேண்டும், அவ்வளவே.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியின் பதிவு முடிந்து எண் வந்த பிறகு பேசுவதற்கு அதிகம் இருக்காது. ஆகவே பதிவுக்கு முன்பே, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட அதே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து டயர்களின் இலக்கங்களையும் பாருங்கள், ஸ்டெப்னியைக் கழற்றச் சொல்லியாவது பாருங்கள். சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் 20-இல் உற்பத்தி மாதத்துக்கான இடம் வெறுமையாக இருந்தால், அதை அவர்கள் நிரப்பும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிடங்குப் பொறுப்பாளர்,
பானஸ்வாடி, பெங்களூரு.